சாயங்காலம் நாலரை டு ஒம்பதரை

கண்ணு செவப்பு எடுக்கற சொட்டு மருந்து ஒண்ணு இருக்குங்க. சின்ன பாட்டில். இன்ஃபெக்சனுக்குப் போடறது இல்ல, செவப்ப மட்டும் கொஞ்ச நேரத்துக்கு மறைக்கும், அவ்ளோதான். எங்க மெடிக்கல்ல அது மாசத்துக்கு அஞ்சாறு போனாலே ஜாஸ்தி. போன வருசம் ஜூலைல இருந்து வாரத்துக்கே அஞ்சாறு போக ஆரம்பிச்சுது. வாங்குனது எல்லாம் யூனிஃபார்ம் பசங்க, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு வருவானுங்க, ஒருத்தன் மட்டும் கடைக்கு வந்து அண்ணா கண்ணு செவப்பு போற ட்ராப்ஸ் குடுங்கன்னு கேப்பான், மத்தவனுங்க ரோட்டு ஓரமா நிப்பானுங்க. நான் மெட்ராஸ் ஐ சீசன் போலன்னு நெனச்சுக்கிட்டு, கைய நல்லா கழுவுங்கடா, ஒருத்தன் துண்ட இன்னொருத்தன் போடாதீங்கடான்னு சொல்லி அனுப்புனேன். 22 வருசமா மருந்துக்கடைல நிக்கறேன். அந்தப் பசங்க கண்ணுல பீளை இல்ல, தண்ணி வழியல, வலிக்குதுன்னு ஒருத்தன்கூட சொல்லல. அது கஞ்சா அடிச்ச செவப்புன்னு எனக்கு உறைக்கல.

செப்டம்பர்ல ஸ்டாக் பாக்கறப்போ அந்த மருந்துல நாலு பாட்டில் கொறஞ்சுது. பில் இல்ல. கவுண்டருக்கு உள்ள வர்ற ஆளு மொத்தம் மூணே பேரு. நான், என் வீட்டுக்காரம்மா, அக்கா பையன்.

அவன் அப்ப பிளஸ் ஒன், 16 வயசு. எனக்குக் கொழந்தைங்க இல்ல, அவன் பொறந்ததுல இருந்து என் தோள்ல வளந்தவன், காது குத்துனது என் மடில. அவன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். பேரு, ஸ்கூலு, தெரு எதுவும் வேணாம்னு மூணு பேரும் முடிவு பண்ணிட்டோம். சேலம் அம்மாபேட்டைப் பக்கம்னு மட்டும் வெச்சுக்கங்க.

அவன்கிட்ட பாட்டிலப் பத்திக் கேட்டதும் கை ஓங்கிட்டேன், அது நெசம். என் வீட்டுக்காரம்மா குறுக்க வந்து நின்னா. இன்னைக்கு வேணாம், ரெண்டு நாளு போகட்டும், கோவத்துல கேட்டா பொய்தான் சொல்லுவான்னா. அவ சொன்னது சரிதான். ஞாயித்துக்கெழம காலைல வாடா கண்ணு ஏற்காடு போயிட்டு வரலாம்னு வண்டில ஏத்திக்கிட்டேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. ஏழெட்டு கொண்டை ஊசி ஏறுனதும் பின்னாடி இருந்து, மாமா மேல ஏரிகிட்ட வேணாம், இங்கயே நிறுத்துங்கன்னான். ஏண்டான்னு நான் கேக்கல. ரோட்டு ஓரத்துல தடுப்புச் சுவர்ல உக்காந்தோம், கொரங்குங்க வந்து பைய இழுக்குது, கீழ சேலம் மொத்தமும் பனில கெடக்குது.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எப்ப இருந்துடா கண்ணு?

அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். "பத்தாவது பரிச்சை முடிஞ்ச லீவுல மாமா. நம்ம ஏரியா அண்ணன் ஒருத்தரு, ஐடிஐ முடிச்சவரு, அவரு வண்டில மூணு பேரா மலைக்குப் போவோம். அவங்க அடிப்பாங்க, நான் சும்மா பக்கத்துல இருப்பேன். அப்பறம் நானும் அடிச்சேன். மொத தடவ ஒண்ணுமே ஆகல, இருமல்தான் வந்துச்சு. மூணாவது தடவதான் சிரிப்பு வந்துச்சு. அன்னைக்கு நைட்டு நல்லா தூங்குனேன் மாமா."

ஜாலியா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பேனோ என்னமோ. தூங்குனேன்னான். அந்த வார்த்தை என்னய உக்கார வெச்சிருச்சு.

அக்கா வீடு ஒரே ரூமும் சமையக்கட்டும். மச்சான் தறி ஓட்டறாரு, ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு, ஒரு வாரம் நைட் ஷிப்ட்டு. பகல் ஷிப்ட்டு வாரம்னா ராத்திரி குடிச்சுட்டு வருவாரு, பதினோரு மணிக்கு சண்டை ஆரம்பிச்சா ஒரு மணி ஆகும். தறி முதலாளிகிட்ட வாங்குன அட்வான்ஸ், மகளிர் குழு லோன், இவன் ஸ்கூல் ஃபீஸ், இதுல ஏதோ ஒண்ணு. பையன் அதே ரூம்ல போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருப்பான். அவன் தூங்கறான்னு நாங்க எல்லாரும் நம்புனோம். அஞ்சாவது படிக்கறப்போ இருந்தே அவனுக்குத் தூக்கம் சரியில்லன்னு அந்த மலைலதான் எனக்குத் தெரிஞ்சுது. தினம் கடைக்கு வர்றவங்ககிட்ட தூக்கம் எப்படி இருக்குங்கன்னு கேக்கற ஆளு நானு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட மொதக் கேள்வி யாருடா குடுத்தாங்கறதுதான். மச்சான் கேட்டதும் அதான், ஸ்கூல்ல கேட்டதும் அதான். கேக்க வேண்டிய கேள்விதான், நான் இல்லங்கல. ஆந்திராவுல விசாகப்பட்டினம் பக்கத்து மலை ஏரியாவுல இருந்தும் ஒடிசா பக்கம் இருந்தும் கெளம்பற சரக்குதான் இங்க வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து கேரளா போற ரயிலு நெறைய நம்ம சேலம் ஜங்ஷனத் தாண்டித்தான் போகணும், சீட்டுக்கு அடில, பாத்ரூம்கிட்ட ஆள் இல்லாத பைல கிலோ கணக்குல புடிச்சாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி வரும். 2022ல தமிழ்நாடு போலீஸ் கஞ்சா வேட்டைன்னு பேரு வெச்சே மாநிலம் முழுக்கத் தேடுனாங்க. புடிக்கணும், புடிக்கட்டும். ஆனா அந்த ஐடிஐ அண்ணன் எங்க தெருவுல ஒரு இருபது பசங்களுக்குத் தெரிஞ்சவன், அதுல எல்லாரும் வண்டில ஏறல, ஏறுனவனுங்க எல்லாரும் தொடர்ந்து அடிக்கல. எங்க பையன் ஏன் தொடர்ந்தான்? எனக்கு அதுதான் ராத்திரி எல்லாம் ஓடுச்சு.

அதுக்கப்பறம் ஒரு ரெண்டு மாசம் கிடைச்சதை எல்லாம் படிச்சேன், டாக்டருங்ககிட்ட கேட்டேன். வயசுப் பசங்க கஞ்சாவுக்குப் போறதுக்கு முன்னாடியே என்னென்ன இருந்துச்சுன்னு பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, எல்லாத்துலயும் திரும்பத் திரும்ப வர்றது கிட்டத்தட்ட ஒண்ணுதான். கூட இருக்கற ஃப்ரெண்ட்ஸ் அடிக்கறது, வீட்ல பெரியவங்களுக்குக் குடியோ வேற பழக்கமோ இருக்கறது, வீட்ல ஓயாத சண்டை, பையன் எங்க இருக்கான் யாரு கூட இருக்கான்னு யாருக்கும் தெரியாம இருக்கறது, மார்க் கொறையறது, ஸ்கூல் மேல ஒட்டுதல் போயிடறது, சின்ன வயசுலயே பொகையிலை தொடறது, உள்ளுக்குள்ள இருக்கற மனச்சோர்வு பதட்டம் யாரு கண்ணுலயும் படாம போறது. ஒண்ணு இருந்தா ஒண்ணும் ஆகாம போயிடலாம், நாலு அஞ்சு சேந்துச்சுன்னா வெயிட் ஏறுது. நான் ஒவ்வொண்ணா படிக்கப் படிக்க எங்க வீட்ட யாரோ வந்து பாத்துட்டுப் போய் எழுதுன மாதிரி இருந்துச்சு.

பொகையிலையச் சொன்னேன்ல. எட்டாவதுலயே உதட்டுக்கு அடில வெக்கிற பாக்கெட் பழகியிருக்கான். தமிழ்நாட்ல குட்கா 2013ல இருந்து தடை. பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள பொகையிலைப் பொருள் எதுவுமே விக்கக்கூடாதுன்னு 2003ல இருந்து மத்திய அரசு சட்டம் இருக்கு. ஆனா ஸ்கூல் கேட்டுல இருந்து ஒரு கல்லு எறிஞ்சா விழற தூரத்துல பொட்டிக்கடைல மிட்டாய் ஜார் பின்னாடி கெடைக்குது, கஞ்சா சுருட்டற பேப்பரும் அங்கயே கெடைக்குது. பல்லு கறையா இருக்கேடான்னு எங்க அம்மாயி கேட்டப்போ பாக்கு போட்டேன்னான். எட்டாவது பையன் ஏண்டா பாக்கு போடறேன்னு கேக்காம விட்டது நாங்க.

அப்பறம் ஸ்கூல். இவன் ஒம்பதாவது வரைக்கும் கபடி ஆடுனவன், வட்டார அளவுல ஜெயிச்சு ஒரு கப்பு வாங்கிட்டு வந்து என் கடைல வெச்சான், இன்னும் பேபி ஃபுட் டின்னுக்கு மேல அங்கதான் இருக்கு. பத்தாவது வந்ததும் பப்ளிக் எக்ஸாம்னு சொல்லி வெளையாட்டை நிறுத்துனோம். பி.டி. பீரியடும் கணக்குக்குப் போயிருச்சு. இதுல நானும் கூட்டு, படிப்பு முக்கியம்டா கபடி எங்க போகுதுன்னு சொன்னவன் நான்தான். மார்க் 300 கூட வரல. ஆனாலும் அக்கா கடன் வாங்கி ஒரு பிரைவேட் ஸ்கூல்ல பயாலஜி குரூப்புல சேத்தா, இங்கிலீஷ் மீடியம், அதுவரைக்கும் தமிழ்ல படிச்ச பையன். மொத மிட்டெர்ம்ல நாலு பாடத்துல ஃபெயிலு. ஃபெயிலான பசங்கள மட்டும் தனியா பின்னாடி ரூம்ல உக்கார வெச்சாங்களாம், அந்த ரூமுக்கு பசங்க ஒரு பேரு வெச்சிருந்தாங்க, அதை இங்க எழுத எனக்கு மனசு வரல. இவனும் இவன் கூட்டாளிங்களும் அந்த ரூம்லதான் நெருங்குனானுங்க. ஒண்ணா உக்கார வெச்சது யாரு?

சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூல் விடும். அக்கா வெள்ளிப் பட்டறைல கொலுசு வேலை செய்யறா, செவ்வாய்ப்பேட்டைல. முகூர்த்த சீசன், தீபாவளி சீசன் வந்தா வீட்டுக்கு வர ஒம்பதரை ஆகும். மச்சான் ஒண்ணு தறில இருப்பாரு, இல்ல கடைல இருப்பாரு, எந்தக் கடைன்னு சொல்ல வேண்டியதில்ல. நாலரை டு ஒம்பதரை, அஞ்சு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாளு. அந்த அஞ்சு மணி நேரம் ஒரு 16 வயசுப் பையனுக்கு என்ன இருந்துச்சு? டியூசன் காசு இல்லன்னு நிறுத்தியாச்சு. கிரவுண்டு போகாத. ஃபோன பாக்காத. ஊர் சுத்தாத. வேண்டாங்கறது மட்டும்தான் இருந்துச்சு, இதைப் பண்ணுன்னு ஒண்ணுகூட நாங்க குடுக்கல.

ஐஸ்லாந்துன்னு ஒரு சின்ன நாடு, அதப் பத்திப் படிச்சப்போ எனக்கு இந்த அஞ்சு மணி நேரம்தான் ஞாபகம் வந்துச்சு. அங்க 1998ல 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேரு முந்தின ஒரு மாசத்துல குடிச்சு போதை ஆனவங்க, 17 சதவீதம் பேரு கஞ்சா அடிச்சுப் பாத்தவங்க, 23 சதவீதம் பேரு தினம் சிகரெட். 2016ல அது 5, 7, 3ன்னு எறங்கிருச்சு. பெருசா பயமுறுத்தி எல்லாம் இல்ல. பசங்களுக்கு வெளையாட்டு, மியூசிக், டான்ஸுன்னு ஸ்கூல் விட்டதுக்கு அப்பறம் போறதுக்கு எடம் பண்ணிக் குடுத்தாங்க, தலைநகரத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுக்குன்னே காசு ஒதுக்குனாங்க, 13ல இருந்து 16 வயசு வரைக்கும் குளிர்காலத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல தனியா வெளிய இருக்கக்கூடாதுன்னு வெச்சாங்க, அப்பா அம்மா எல்லாம் சேந்து கையெழுத்துப் போட்டு அதைக் கடைபிடிச்சாங்க. ஐஸ்லாந்து எங்க அம்மாபேட்டை எங்கன்னு கேப்பீங்க. பட்டறை ஒம்பதரைக்கு விட்டா எந்த அம்மா கையெழுத்துப் போட முடியும், அதுவும் சரிதான். ஆனா பையன் அஞ்சு மணி நேரத்தை எங்க வெச்சுக்கறதுங்கற கேள்வி ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.

இனி அந்தப் பொருளப் பத்தி. மலைல உக்காந்து பேசறப்போ அவன் என்கிட்ட சொன்னான், மாமா அது மூலிகை, இயற்கையா வெளையறது, சிவ மூலிகைன்னே சொல்லுவாங்க, சித்தரெல்லாம் அடிச்சதுதான், சிகரெட்ட விட நல்லதுன்னு. ரீல்ஸ்ல பாத்திருக்கான். இதுல ஆபத்து ஒண்ணும் இல்லன்னு ஒரு வயசுப் பையன் நம்ப ஆரம்பிச்சாலே பழகற வாய்ப்பு கூடுதுன்னும் படிச்சேன், அதனால அவன் சொன்னதை வெளையாட்டா விட முடியல. எருக்கும் அரளியும் இயற்கைதாண்டான்னு மட்டும் சொன்னேன்.

நான் புரிஞ்சுக்கிட்டத எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். கஞ்சாவுல போதை ஏத்தறது டி.எச்.சி.ங்கற பொருள், 1964ல இஸ்ரேல்ல பிரிச்சு எடுத்தாங்க. அது ஏன் மூளைல வேலை செய்யுதுன்னா, நம்ம மூளையே அந்த மாதிரி ஒண்ணைக் கொஞ்சூண்டு தயாரிச்சுக்குது. 1992ல அதக் கண்டுபிடிச்சப்போ ஆனந்தம்ங்கற சமஸ்கிருத வார்த்தைல இருந்து ஆனந்தமைடுன்னு பேரு வெச்சாங்க. பசி, தூக்கம், பயம், ஞாபகம், வலி இதெல்லாம் சரியான அளவுல வெக்கிற வேலைல அதுக்குப் பங்கு இருக்கு. வளர்ற மூளைல எந்த நரம்பு எதோட சேரணும்ங்கறதுலயும் பங்கு இருக்கு. நிதானம், பின்னால வர்றத யோசிக்கறது, ஆசைய அடக்கறது, இதையெல்லாம் பாக்கற முன்பக்க மூளை இருபத்தி அஞ்சு வயசு வரைக்கும் முழுசா முடியறதில்ல. கட்டடத்துல சென்ட்ரிங் பிரிக்காம இருக்கறப்பவே மேல ஏறி ஆடற மாதிரின்னு எங்க டாக்டர் சொன்னாரு. பழகறவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு அடிமைப் பழக்கமா மாறும்னும், டீன் ஏஜ்ல ஆரம்பிச்சா அது ஆறுல ஒருத்தர்னும் அமெரிக்க அரசோட போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது.

புத்தி மழுங்கிடுமான்னு அக்கா கேட்டா. நியூசிலாந்துல டனிடின்னு ஒரு ஊர்ல 1972, 73ல பொறந்த 1,037 பேரைக் கொழந்தைல இருந்து 38 வயசு வரைக்கும் பாத்து 2012ல எழுதுனாங்க, வயசுப் பருவத்துல ஆரம்பிச்சு விடாம அடிமையா இருந்தவங்களுக்கு ஐக்யூ சராசரியா 8 பாயிண்ட் வரைக்கும் எறங்கியிருக்குன்னு. ஆனா அப்பறம் ரெட்டைப் பிள்ளைங்கள வெச்சுப் பாத்த ஆராய்ச்சில, அடிச்ச பிள்ளைக்கும் அடிக்காத பிள்ளைக்கும் அந்த மாதிரி வித்தியாசம் இல்ல, வீட்டுச் சூழ்நிலைதான் காரணமா இருக்கலாம்னு வந்துச்சு. ரெண்டையும் அக்காகிட்ட சொன்னேன். பயமுறுத்தறதுக்காக ஒண்ணை மட்டும் சொல்லிட்டு, நாளைக்குப் பையன் ஃபோன்ல இன்னொண்ணைப் படிச்சுட்டா அப்பறம் நான் சொல்ற எதையும் நம்ப மாட்டான்.

எனக்கு உண்மையாவே வயித்தக் கலக்குனது வேற. ஜி.எச். மனநலப் பிரிவு ஓ.பி.ல டாக்டர் கேட்ட மூணாவது கேள்வியே, குடும்பத்துல யாருக்காச்சும் மனநோய் இருந்துச்சான்னு. அக்கா இல்லன்னா. நான் அக்கா மொகத்தப் பாத்தேன். மச்சானோட அண்ணன், தனியா பேசிக்கிட்டே இருப்பாரு, யாரோ தன்னைக் கொல்ல வர்றாங்கன்னு ராத்திரி கதவ எல்லாம் அடைச்சு வெப்பாரு, ஒரு நாள் வீட்ட விட்டுப் போனவர் திரும்பல. குடும்பத்துல அதை யாரும் பேச மாட்டோம். நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவ கீழ வெச்சுட்டு, இதைச் சொன்னது ரொம்ப நல்லதுன்னாரு. ஸ்வீடன்ல ராணுவத்துக்கு எடுத்த 45,570 பேரை 15 வருசம் பின்தொடர்ந்து 1987ல வெளியிட்ட ஆராய்ச்சில, 50 தடவைக்கு மேல கஞ்சா அடிச்சிருந்தவங்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது 6 மடங்கு. மத்த காரணங்களக் கழிச்சுப் பாத்தா அந்த மடங்கு கொறையுது, ஆனா இல்லாம போகல. அடிக்கற எல்லாருக்கும் வராது, பெரும்பாலான பேருக்கு வராது. ரத்தத்துல ஏற்கனவே அந்த வாட்டம் இருக்கற பையனுக்கு இது ரொம்பப் பெரிய சூது. இதைப் படிக்கறவங்க வீட்ல அந்த மாதிரி ஒரு பெரியப்பா, ஒரு அத்தை இருந்தா, வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, தயவு செஞ்சு.

விடறதுக்குன்னு மாத்திரை எதுவும் இல்லன்னும் அவரே சொன்னாரு. பேசறதுதான் வைத்தியம், பையன்கிட்ட மட்டும் இல்ல வீட்ல எல்லார்கிட்டயும். மொத பத்து நாளு கஷ்டம்னாரு, அப்படியே ஆச்சு. ரெண்டாவது நாளே எரிஞ்சு விழ ஆரம்பிச்சான், சோறு எறங்கல, பெட்ஷீட் நனையற அளவுக்கு வேர்வை, தூங்குனா பயங்கரமான கனவு. அஞ்சாவது நாளு தட்டைத் தூக்கி செவுத்துல அடிச்சான். அக்கா காத்து கருப்புன்னு பயந்து கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி வேப்பிலை அடிச்சு திருநீறு போட்டுட்டு வந்தா. நான் தடுக்கல. கோயிலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்குத்தான் அவன் அவங்கம்மா மடில தலை வெச்சு அழுதான்.

மச்சான் விசயம். ஒரு நாளு அவரு குடிச்சுட்டு வந்து நாய் மாதிரி பொகைய இழுத்துட்டு வந்து நிக்கறான் பாருன்னு கத்துனப்போ, பையன் நிதானமா, நீங்க குடிச்சாதானப்பா தூங்கறீங்க, எனக்கும் தூக்கம் வரலப்பான்னான். அவருக்கு வாய் வரல. வெளில போய் படில உக்காந்துட்டாரு. குடிய விட்டாருன்னு எழுத ஆசைதான், விடல. ஆனா வீட்டுக்குக் குடிச்சுட்டு வர்றத நிறுத்துனாரு, அந்த மாதிரி நாள்ல தறிக்கூடத்துலயே படுத்துக்கறாரு. ராத்திரி சண்டை கொறஞ்சுது. பையன் பதினோரு மணிக்குத் தூங்கறான். டாக்டர் மூணு சிட்டிங்ல பேசுனதோட பாதி வேலைய அது பண்ணுச்சுன்னு நான் நெனைக்கறேன்.

ஸ்கூல் பண்ணதுதான் இன்னும் ஆறல. பையன் டாக்டர்கிட்ட போக ஆரம்பிச்சு மூணாவது வாரம், பைய செக் பண்றோம்னு சொல்லி இவன் பைல பழைய சுருட்டற பேப்பர் ரெண்டு கெடந்துச்சுன்னு புடிச்சாங்க. கஞ்சா இல்ல, பேப்பர். எல்லாப் பசங்க முன்னாடியும் நிக்க வெச்சு, அக்காவ வேலைல இருந்து வர வெச்சு, டி.சி.ய வாங்கிட்டுப் போங்க, மத்த பசங்க கெட்டுருவாங்கன்னாங்க. ட்ரீட்மென்ட்ல இருக்கான் சார், இந்தாங்க ஓ.பி. சீட்டுன்னு நான் காட்டுனேன், பாக்கவே இல்ல. அஞ்சு மணி நேரம் சும்மா இருந்ததுக்கே இவ்ளோ ஆச்சு, பன்னெண்டு மணி நேரம் சும்மா விட்டா அவன் எங்க போவான்னு நான் கேட்டேன். அந்த ஐடிஐ அண்ணன் வீடு பகல்லயும் தொறந்துதான் இருக்கும். ஸ்கூலோட இருக்கற ஒட்டுதல் ஒரு பையனைத் தாங்கற கயிறுன்னு அத்தனை ஆராய்ச்சிலயும் வருது, அந்தக் கயிறை அறுக்கறதுதான் தண்டனைன்னா அது யாருக்கு நல்லது?

வருசம் நடுவுல சேக்க மாட்டோம்னு நாலு எடத்துல சொன்னாங்க. கடைசில ஒரு அரசு மேல்நிலைப் பள்ளில எடம் கெடைச்சுது. அங்க ஒரு டீச்சர், எல்லாத்தையும் கேட்டுட்டு, கபடி ஆடுவியாமே சாமின்னு மட்டும் கேட்டாங்க. நான் வெளில வராண்டாவுல வந்து கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

கேஸ் ஆயிடுமோங்கற பயத்துல நெறைய வீட்ல மூடி மறைக்கறாங்க, அதனால சட்டம் கொஞ்சம். 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சா அடிக்கறதுக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும்னு இருக்கு, ஆனா அதே சட்டத்துல 64ஏ பிரிவு, அடிமையானவங்க தானா முன்வந்து வைத்தியம் எடுத்துக்கிட்டா அவங்க மேல வழக்குப் போடறதுல இருந்து பாதுகாப்பு குடுக்குது. 18 வயசுக்குக் கீழன்னா சிறார் நீதிச் சட்டம்தான், லாக்கப்புல வெக்கக்கூடாது. பிள்ளைக்குப் போதைப்பொருள் குடுக்கறவனுக்கு 7 வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், அதே சிறார் சட்டத்துல 77வது பிரிவு. பிள்ளைய வெச்சு விக்கறவனுக்கும் கடத்தறவனுக்கும் 78வது பிரிவுல அதே தண்டனை. இது முக்கியம், ஏன்னா காசு தீந்த பையன்கிட்ட நாலு பொட்டலம் குடுத்து மூணு வித்துட்டு வா ஒண்ணு உனக்குன்னு சொல்லுவானுங்க. எங்க பையன்கிட்டயும் சொல்லிருக்கானுங்க. அவன் மாட்டேன்னு சொன்னான்னு என்கிட்ட சொன்னான், நான் நம்பறேன்.

போன் நம்பர் வேணும்ங்கறவங்களுக்கு, போதை மறுவாழ்வுக்கு 14446, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, பிள்ளைங்களுக்கு 1098. விக்கறவனப் பத்திச் சொல்ல 1933, பேரு சொல்ல வேண்டியதில்ல.

இந்த ஆடிப் பண்டிகைல ஒரு நாளு சறுக்கிட்டான். கூட்டத்துல பழைய பசங்கள பாத்திருக்கான். ராத்திரி கடைக்கு வந்து ஷட்டருக்கு வெளியவே நின்னுக்கிட்டு, மாமா இன்னைக்கு அடிச்சுட்டேன், ட்ராப்ஸ் வேணாம், சும்மா சொல்ல வந்தேன்னான். உள்ள வாடான்னு கூப்புட்டு தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்தேன், பசில அள்ளி அள்ளி சாப்பிட்டான். மறுநாள் டாக்டருக்கு அவனே ஃபோன் பண்ணான். அக்காகிட்ட நான் ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன், அது சரியா தப்பான்னு எனக்கு இப்பவும் ஒரு முடிவு இல்ல.

அந்த சொட்டு மருந்த இப்ப கவுண்டருக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். யூனிஃபார்ம் பசங்க கேட்டா இல்லன்னு சொல்றதில்ல, இல்லன்னா வேற கடைக்குப் போவான். உக்காருடா, கண்ணக் காட்டுன்னு சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ரெண்டு வார்த்தை பேசறேன். எட்டுப் பேருல ரெண்டு பேரு மறுபடி வந்தாங்க, மருந்து கேக்காம.

அக்கா பட்டறைல பேசி ஏழு மணிக்கே கெளம்பிடறா, கூலி கொறைஞ்சுது, நான் ஃபீஸப் பாத்துக்கறேன். இவன் பிளஸ் டூ, சாயங்காலம் ஸ்கூல் டீமோட ஆறு மணி வரைக்கும் கபடி, அப்பறம் கடைல உக்காந்து படிக்கறான். ஆனா பரிச்சை வந்தா அந்த கிரவுண்டும் சாத்திடுவாங்க. எங்க ஏரியாவுல காலி எடம் ஒண்ணு இருக்கு, முள்ளு மண்டிக் கெடக்குது, வெளக்கு இல்ல. வார்டு கவுன்சிலர்கிட்ட ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு, லைட்டு போட்டுத் தர்றேன்னு சொல்லிருக்காரு. முள்ள வெட்டறதுக்கு வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்குக் கூடறோம், இதுவரைக்கும் பதினோரு பேரு. சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் வாரத்துல ஒரு நாளாச்சும் பசங்களோட நிக்க முடியற பெரியவங்க, கபடியோ சிலம்பமோ வாலிபாலோ தெரிஞ்சவங்க அம்மாபேட்டை சுத்துவட்டாரத்துல இருந்தா வாங்க. அருவா நான் எடுத்துட்டு வர்றேன், கைக்கு ஒரு பழைய துண்டு மட்டும் கொண்டு வாங்க, முள்ளு பொல்லாத முள்ளு.